திதி பார்த்துக் கிளம்புங்கள்: மும்பையிலிருந்து கொங்கண் கடற்கோட்டைகளுக்கு

தாராவியில் ‘காலா கில்லா’ என்று ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லித் தினமும் டிக்கெட் வாங்குகிறவர்களில் பலர் அங்கே உண்மையிலேயே ஒரு கோட்டை நிற்பதைப் பார்த்ததில்லை. கவர்னர் ஜான் ஹார்ன் 1737-ல் கட்டிய சின்னக் காவல் கோட்டை அது. அப்போது மும்பைத் தீவின் வடக்கு எல்லை கோட்டையை ஒட்டிய கழிமுகம்தான். எதிர்க்கரையில் இருந்த சால்செட் தீவை மராத்தியர் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்துக்கொண்டிருந்த வருடமும் அதுவே. கொலாபா, சின்னக் கொலாபா, மும்பை, மஜ்காவ், வொர்லி, பரேல், மாஹிம் என்று ஏழு தீவுகளாக இருந்த நிலத்தின்மேல்தான் நாம் குடியிருக்கிறோம். இடையில் ஓடிய கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்க்கப்பட்டது.

தீவும் கோட்டையும் கழிமுகமும் சேர்ந்த இந்த அமைப்பு மும்பையோடு முடிந்துவிடவில்லை. தெற்கே அலிபாக், முரூட், ஹர்ணை, மால்வண் என்று கோவா எல்லை வரை தொடர்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் காந்தேரி, சுவர்ணதுர்க், சிந்துதுர்க் மூன்றும் கடலுக்குள் இருக்கும் தீவுக் கோட்டைகள். விஜயதுர்க் கடலை ஒட்டி நிற்கிறது. பன்னிரண்டாவது நம்முடைய செஞ்சி. செஞ்சிக்குள் இருந்துகொண்டு முகலாயப் படையை வருடக்கணக்கில் தடுத்துநின்ற ராஜாராம்தான் சிந்துதுர்க்கில் தன் தந்தை சிவாஜிக்குக் கோயில் எழுப்பியவர். செஞ்சி ஏறியவர்கள் இந்தக் கடற்கோட்டைகளையும் பார்க்க வேண்டும்; அந்த வரலாற்றின் மறுபாதி இங்கே இருக்கிறது.

இந்தக் கரையில் பயணம் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். கிலோமீட்டரையும் ஓட்டல் செக்-இன் நேரத்தையும் வைத்துத் திட்டம் போடுகிறோம். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று பார்ப்பதில்லை. அலிபாக் போய்ச் சேர்ந்து, கோட்டைக்கும் கரைக்கும் நடுவே ஆளை மூழ்கடிக்கும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் உண்டு. அதற்கு வேண்டிய கணக்கு நம் வீட்டுச் சுவரில், தினசரிக் காலண்டரில் தொங்குகிறது.

முக்கால் கணக்கு

கடல் ஏறுவதைக் கொங்கணில் ‘பர்த்தி’ என்பார்கள். வற்றுவதை ‘ஓஹோட்டி’ என்பார்கள். கோளி மீனவர்களிடமும் கரையோர ஊர்க்காரர்களிடமும் புழங்கும் வாய்ப்பாடு மிக எளியது. அன்றைய திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் கடல் முழுக்க ஏறியிருக்கும் மணி கிடைக்கும். வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் இதே கணக்கு.

சதுர்த்தி என்றால் 4 × ¾ = 3. விடிகாலை மூன்றுக்கும் பிற்பகல் மூன்றையொட்டியும் ஏற்றம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறேகால் மணி நேரம் சுமாராக இருக்கும். ஆகவே வற்றம் காலை ஒன்பதேகாலுக்கு. ஏகாதசி என்றால் 11 × ¾, அதாவது எட்டேகால். வற்றம் பிற்பகல் இரண்டரை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் 15 என்று வைத்துக்கொண்டால் பதினொன்றேகாலுக்கு ஏற்றம். வற்றம் விடிகாலையிலும் மாலை ஐந்தரையை ஒட்டியும் வரும்.

இது மும்பைக்கும் அலிபாகுக்கும் ஏறக்குறைய அரை மணி முன்பின்னாகப் பொருந்தும். திதி நடுப்பகலில் மாறும் நாட்களில் பிழை இன்னும் கொஞ்சம் கூடும். தெற்கே போகப் போக ஏற்றம் சற்று முன்னதாகவே வரும். ஏறி இறங்கும் அளவும் குறையும். அதனால் விடுமுறைக்கு எந்த வாரம் என்று தேர்ந்தெடுக்கத் திதிக் கணக்கைப் பயன்படுத்துங்கள். கிளம்பும் நாளில் செல்போனில் அந்த ஊருக்கான அலை அட்டவணையைப் பார்த்து நிமிடத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நேரம் மட்டும் தெரிந்தால் போதாது, எவ்வளவு வற்றும் என்பதும் தெரிய வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக உயரமாக ஏறி மிக ஆழமாக வற்றும். அதற்கு ‘உதாண்’ என்று பெயர். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் வருவது. அஷ்டமி, நவமியை ஒட்டி இரண்டும் செங்குத்துத் திசைகளில் இழுப்பதால் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு, அது ‘பாங்’. ஏமாற்றம் தருவது இந்த அஷ்டமிதான். கணக்குப்படி பகல் பன்னிரண்டுக்கு வற்றம் வருகிறதே, சாப்பாட்டுக்கு முன் கோட்டைக்கு நடந்து போய் வந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அன்றைக்கு நீர் முழுக்க இறங்காது. பாதையின் பள்ளங்களில் இடுப்பளவு நின்றுவிடும்.

நடந்து போக நல்ல நாட்கள் இரண்டு கூட்டம். துவிதியை முதல் பஞ்சமி வரை காலை வற்றம், ஏழே முக்காலிலிருந்து பத்துக்குள். துவாதசி முதல் சதுர்த்தசி வரை பிற்பகல் வற்றம், மூன்றேகாலிலிருந்து ஐந்துக்குள். இந்தக் கணக்கில் சங்கடஹர சதுர்த்தியும் பிரதோஷமும் அழகாக வந்து உட்காருகின்றன. நடந்து போகும் அலிபாக் கோட்டைக்குள் பிள்ளையார் கோயில் இருப்பதால், சதுர்த்தியன்று காலையில் கடல் வழிவிடுவது இங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

இன்னொரு கணக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். கடல் ஒரே சீராக ஏறுவதில்லை. வற்றத்துக்குப் பிறகு முதல் மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவது மணியில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. உதாண் நாளில் வித்தியாசம் 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முதல் மணியில் 33 செ.மீ. மட்டுமே ஏறும். ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று நினைக்க வைப்பது அதுதான். மூன்றாவது மணியில் ஒரு மீட்டர் ஏறிவிடும். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் தடுமாறுகிறவர்கள் எல்லாம் அந்த மூன்றாவது மணியில் மாட்டியவர்கள்.

படகும் பருவமும்

அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரை பயணக் காலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்தது. அக்டோபர் வெயிலில் கருங்கல் கோட்டைகள் அடுப்பு மாதிரி சுடும். ஜூன் தொடங்கினால் ஜஞ்சிரா, சுவர்ணதுர்க், சிந்துதுர்க் படகுகள் நின்றுவிடும். மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பது நினைவிருக்கும். அங்கே அது மீன் குஞ்சு பொரிக்கும் காலத்துக்காக மட்டும் வைத்தது, இங்கே அதோடு தென்மேற்குப் பருவக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. மாட்டுங்காவில் ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாற்றும் அதே பௌர்ணமியில்தான் கோளிகள் நாரளி பூர்ணிமா கொண்டாடிக் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பிக்கிறார்கள். கடல் தணிந்ததற்கான அடையாளம் அது. ஆனாலும் சுற்றுலாப் படகுகள் முழுமையாக ஓட இன்னும் சில வாரம் ஆகும்.

மும்பையிலிருந்து கிளம்ப மூன்று வழி. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து அலிபாக் பக்கத்து மாண்ட்வா துறைக்கு கேட்டமரான் படகு, சுமார் ஒரு மணி நேரம். அலிபாக் வரையான பஸ்ஸும் அதே டிக்கெட்டில் அடங்கும். கார் இல்லாதவர்களுக்கு இதுவே நல்லது. மழைக்காலத்தில் இந்தச் சேவை நின்றுவிடும்.

கார் உள்ளவர்களுக்கு மும்பையின் படகுத்துறையான பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு ரோ-ரோ கப்பல். 2020 மார்ச்சில் தொடங்கியது, இதுவும் சுமார் ஒரு மணி நேரம். காரை அடித்தளத்தில் நிறுத்திவிட்டு, கைப்பிரேக் போட்டு, மேல்தளத்துக்குப் போய்விட வேண்டும். பயணத்தின் நடுவே காருக்குத் திரும்ப விடமாட்டார்கள். தண்ணீர், மருந்து, குழந்தையின் பால் எல்லாவற்றையும் முதலிலேயே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் முன்னதாக வரிசையில் நிற்பது நல்லது. சனி காலையும் ஞாயிறு மாலையும் டிக்கெட் முன்பே தீர்ந்துவிடும். நடந்து ஏறுகிறவர்கள் செம்பூர், வடாலா, கோளிவாடா பக்கமிருந்து ஹார்பர் லைனில் டாக்யார்டு ரோடு இறங்கி டாக்ஸி பிடிக்கலாம்.

மூன்றாவது, அதே பாவுச்சா தக்காவிலிருந்து ரேவஸ் போகும் பழைய லாஞ்ச். மலிவானது, உள்ளூர்க்காரர்கள் போவது. ரேவஸ் துறையில் சேறு படிந்திருப்பதால் நல்ல வற்ற நேரத்தில் லாஞ்ச் கரையை அணைய முடியாது. சேவை இடையில் நிற்கும். அதையும் திதி பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

சாலை வழி பன்வேல், பேண், வட்கல், பொய்நாட். தூரம் 100 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் வார இறுதியில் வட்கல் சந்திப்பு நேரத்தை விழுங்கிவிடும்.

2024 டிசம்பர் 18 அன்று எலிபண்டா படகு மோதிக் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். எந்தப் படகானாலும் ஏறியவுடன் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி மார்பு வாரைக் கட்டிக்கொள்ளுங்கள். தோளில் மாட்டிக்கொண்டு வாரைத் தொங்கவிட்டால் தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் தலைக்கு மேலே கழன்றுவிடும். குழந்தைகளின் அளவு ஜாக்கெட் இருக்கிறதா என்று ஏறும் முன்பே கேளுங்கள்.

எலிபண்டா

புதிதாகக் கடற்பயணம் போகிறவர்கள் கேட்வேயிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் எலிபண்டாவில் தொடங்கலாம். உள்ளூர்ப் பெயர் காராபுரி. திங்கள் விடுமுறை. காலை முதல் படகிலேயே போய்விடுங்கள். இறங்குதுறையிலிருந்து சின்ன ரயிலோ நடையோ, பிறகு கடைகளுக்கு நடுவே 120 படிகள். குரங்குகள் பாட்டிலையும் பையையும் பறிக்கும். சாப்பாட்டை வெளியே எடுக்காதீர்கள்.

குகையின் தெற்குச் சுவரில் இருக்கும் பெரிய சிற்பத்தை திரிமூர்த்தி என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அது சதாசிவம். நடுவில் அமைதியான தத்புருஷ முகம். நமக்கு இடப்பக்கம் மீசையும் பாம்புமாக அகோரம். வலப்பக்கம் மலர் ஏந்திய வாமதேவம். உயரம் சுமார் 20 அடி. அதன் ஒரு பக்கம் அர்த்தநாரீஸ்வரர், மறுபக்கம் கங்காதரர். வடக்கு வாசலருகே ஆடும் சிவன் இருக்கிறார். சிதம்பரத்தின் தூக்கிய திருவடியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது நம் சோழச் செப்புத் திருமேனிகளுக்கு முந்தைய, ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வேறொரு ஆடல் மரபு. சிதைந்த கால்களைத் தாண்டி உடலின் வளைவைப் பார்த்தால் போதும், ஆட்டம் புரிந்துவிடும்.

கொலாபா கோட்டை, அலிபாக்

மும்பை கொலாபாவுக்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒற்றுமை. ராய்கட் மாவட்டத்துக்கே முன்பு கொலாபா மாவட்டம் என்றுதான் பெயர். சிவாஜி தன் கடைசி வருடமான 1680-ல் கட்டத் தொடங்கிய கோட்டை, பின்னால் மராத்தியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயின் தளமாக இருந்தது. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

வற்ற நேரத்துக்கு ஒன்றரை மணி முன் கரையில் இறங்குங்கள். கணுக்கால் அளவு நீர் இருக்கும்போதே நடக்கத் தொடங்கலாம். நீர் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். கோட்டையில் ஒரு மணி நேரம். வற்ற நேரம் கடந்து முக்கால் மணிக்குள் திரும்பிக் கரையேறிவிட வேண்டும். பாதை நடுவில் தாழ்ந்திருக்கிறது. கோட்டை வாசலில் நின்று பார்த்தால் காலடியில் ஈரமணல்தான் தெரியும், அதற்குள் நடுப்பள்ளம் நிறையத் தொடங்கியிருக்கும். குதிரை வண்டிகளும் உண்டு. வண்டிக்காரர் ‘இன்னும் போகலாம்’ என்றால் அது குதிரையின் கால் உயரக் கணக்கு.

செருப்பு வேண்டாம். ஈர மணலில் உறிஞ்சிக்கொள்ளும், பாறைப் பாசியில் வழுக்கும். பின்வார் உள்ள ரப்பர் சாண்டல் போதும். வெறுங்காலோடு போனால் பாறையில் ஒட்டிய சிப்பிகள் கிழித்துவிடும்.

உள்ளே பார்க்க வேண்டியவை மூன்று: ராகோஜி ஆங்கரே 1759-ல் கட்டிய சித்திவிநாயகர் கோயில், உப்புக் கடலின் நடுவே இருக்கும் நன்னீர்க் கிணறு, வடக்கு மதிலில் சக்கரத்தோடு நிற்கும் இரண்டு ஆங்கிலேயப் பீரங்கிகள். அவற்றில் யார்க்‌ஷயரின் லோ மூர் இரும்பாலைப் பெயர் வார்க்கப்பட்டிருக்கிறது. ஊருக்குள் இருக்கும் காந்தப்புல ஆய்வகமும் மும்பையோடு தொடர்புள்ளதுதான். மும்பையில் மின்சார டிராம் வரப்போகிறது, அது கொலாபா ஆய்வகத்தின் காந்த அளவுகளைக் கெடுக்கும் என்று கருவிகளை இங்கே மாற்றினார்கள். 1904 முதல் அலிபாக்கில் அளவெடுப்பு நடக்கிறது.

காந்தேரி, உந்தேரி தீவுகளுக்கு தள் மீனவ ஊரிலிருந்து படகு பேச வேண்டும். 1679-ல் சிவாஜி காந்தேரியில் கோட்டை கட்டத் தொடங்கியதும், மறு வருடமே ஜஞ்சிராவை ஆண்ட, ‘சித்தி’ எனப்படும் ஆப்பிரிக்க வம்சாவளித் தலைவர் எதிரே உந்தேரியில் ஒன்றை எழுப்பினார். இரண்டும் பார்வைக்கு எட்டும் தூரத்தில் மல்லுக்கு நிற்கின்றன. காந்தேரி இன்று துறைமுக நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. இறங்க அனுமதி உண்டா என்று படகுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

முரூட் ஜஞ்சிரா

அலிபாக்கிலிருந்து முரூட் சுமார் 50 கிலோமீட்டர். சிவப்பு எஸ்.டி. பஸ்கள் உண்டு. வழியில் சௌல், ரேவ்தண்டா, கோர்லாய். கோர்லாயில் நிறுத்துங்கள். கோட்டை குன்றின் அடிவாரக் கிராமத்தில் போர்த்துகீசியமும் மராத்தியும் கலந்து பிறந்த ஒரு மொழியை இன்றும் வீட்டில் பேசுகிறார்கள். வீட்டுக்குள் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று வாழும் மும்பைத் தமிழருக்கு அந்த ஊர் உடனே புரியும்.

ஜஞ்சிராவுக்குப் படகு முரூட் கடற்கரையிலிருந்து இல்லை, நான்கைந்து கிலோமீட்டர் தெற்கே ராஜ்புரி துறையிலிருந்து. பாய்மரப் படகுகள். ‘ஜஸீரா’ என்ற அரபுச் சொல்லுக்குத் தீவு என்று பொருள். அதுதான் ஜஞ்சிரா ஆகியிருக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள் ஆண்ட கோட்டை இது. மராத்தியரால் கடைசி வரை பிடிக்க முடியவில்லை. சிவாஜியின் மகன் சம்பாஜி கரையிலிருந்து கல் கொட்டிப் பாதையே போட்டுப் பார்த்தார்; அதுவும் நடக்கவில்லை. படகில் நெருங்கும்போது காரணம் தெரியும். சுமார் 40 அடி மதில் நேராகக் கடலிலிருந்தே எழுகிறது. இறங்கிப் படை வகுத்து நிற்க ஒரு முழம் கரை கிடையாது. வாசல் மதிலின் மடிப்பில் ஒளிந்திருப்பதால் கிட்டத்தில் போகும் வரை கண்ணில் படாது.

காலை ஒன்பது, பத்துக்குள் படகேறுவது முக்கியம். பிற்பகலில் கடற்காற்று வலுத்து வாசலருகே அலை எழும்பும். இறங்குவதற்குப் படகு ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்து, அலை படகைத் தூக்கும் கணத்தில் படிக்கட்டில் கால் வைக்க வேண்டும். அலை இறங்கும்போது வைத்தால் படகுக்கும் கல்லுக்கும் நடுவே கால் சிக்கும். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். பை முதுகில், செல்போன் பைக்குள். முட்டி வலி உள்ள பெரியவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ராஜ்புரிக் கரையிலிருந்தே கோட்டை முழுதாகத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள், படகுகள் அப்போது நிற்பதுண்டு.

உள்ளே பொதுவாக முக்கால் மணி நேரம்தான் தருவார்கள். பரந்த கோட்டைக்கு அது போதாது. அதனால் வரிசையை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வாசலில் நின்று பக்கச் சுவரைப் பாருங்கள்: நகங்களில் யானைகளைப் பற்றிக்கொண்டிருக்கும் புலி போன்ற விலங்கு. பிறகு இடப்பக்கம் ஏறி கலால் பாங்டி பீரங்கி. 22 டன்னுக்கு மேல் எடை என்பார்கள். அங்கிருந்து உள்ளே இறங்கி நன்னீர்க் குளம். நேரம் இருந்தால் பின்பக்கக் கடல் வாசல். கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை என்று யாராவது ஆரம்பித்தால் அங்கே நின்று நேரத்தைச் செலவிட வேண்டாம். மதில்மேல் கைப்பிடி கிடையாது. செல்ஃபிக்குப் பின்னோக்கி நடக்காதீர்கள். கோட்டைக்குள் தண்ணீரை நம்பிப் போகாமல் ஆளுக்கு ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ராஜ்புரிக்கு வடமேற்கே கடலில் தெரியும் இன்னொரு கோட்டை பத்மதுர்க். ஜஞ்சிராவை முடக்க சிவாஜி கட்டியது. அதற்குத் தனி அனுமதி தேவை.

கழிமுகம் தாண்டித் தாண்டி

முரூட்டுக்குத் தெற்கே கடலோரச் சாலை கழிமுகங்களில் அறுந்து அறுந்து போகிறது. கடலோர நெடுஞ்சாலைக்கான பாலங்கள் திட்டமிடப்பட்டு வேலை நடக்கிறது. அதுவரை கார் ஏற்றும் ஃபெர்ரிகள்தான் வழி: அகர்தண்டா–திகி, பாக்மண்ட்லா–வேஸ்வி, அதற்கும் தெற்கே தாபோள்–தோபாவே, தவ்சாள்–ஜெய்கட். ஒவ்வொன்றும் கால் மணி, இருபது நிமிடம். நெடுஞ்சாலைக்குப் போய்ச் சுற்றி வந்தால் அரை நாள். கடைசி ஃபெர்ரி மாலையில் சீக்கிரம் முடியும் இடங்கள் இருக்கின்றன. துறையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “ஷேவட்சீ போட் கிதீ வாஜ்தா?” கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று அர்த்தம். கடற்கரை ஊர்களில் கேட்க இன்னொன்று: “ஓஹோட்டி கதீ?” வற்றம் எப்போது? நம் மராத்தி எவ்வளவு அரைகுறையானாலும் இந்த இரண்டு வாக்கியம் வேலை செய்யும்.

திகியிலிருந்து திவேஆகர். பாக்குத் தோப்புகளுக்குள் வீடுகள், வீடுகளிலேயே தங்கும் அறை. மதியம் பன்னிரண்டுக்குச் சாப்பாடு வேண்டும் என்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். வருகிற ஆள் கணக்குக்கு மட்டுமே சமைப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கரையில் திவேஆகரும் ஹரிஹரேஸ்வரும்தான் வசதி. உக்டீச்சே மோதக் நம் பூரணக் கொழுக்கட்டையின் நேர் உறவு. சொல்லிவைத்துச் சுடச்சுட நெய் விட்டுச் சாப்பிடுங்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும்: சுர்மை வஞ்சிரம், பாப்லெட் வவ்வால், கோளம்பி இறால். கோகம் என்ற புளிப்புப் பழமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோல்கடியை எல்லோரும் குடிக்கலாம்.

திவேஆகரிலிருந்து ஸ்ரீவர்தனுக்கு உள்சாலை வேண்டாம், ஷேக்காடி வழியாகக் கடலை ஒட்டிப் போகும் சாலையில் போங்கள். இந்தப் பயணத்தின் மிக அழகான சாலை அதுதான். பாறைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கார் அகலத்தில் போகும் இடங்கள் உண்டு; வெளிச்சம் இருக்கும்போது கடந்துவிடுங்கள்.

ஹரிஹரேஸ்வரில் முதலில் காலபைரவர், பிறகு ஹரிஹரேஸ்வரர். கோயிலுக்குப் பின்னே குன்றேறி, பாறைப் பிளவின் படிகளில் கடலுக்கு இறங்கி, பாறைத் தளத்தின் மேல் குன்றைச் சுற்றிவரும் பிரதட்சிணப் பாதை. தேன்கூடு போல் உப்பும் காற்றும் அரித்த கருங்கல் பாறைகள் அங்கே பார்க்க வேண்டியவை. வற்ற நேரத்துக்கு ஒரு மணி முன்னிருந்து ஒரு மணி பின் வரை மட்டுமே நடக்கலாம். இங்கே உயிர்கள் போயிருக்கின்றன. தளம் காய்ந்திருந்தாலும் நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய அலை மேலே ஏறி வரும், அது இழுத்துத் திரும்பும் விசையில் பாசிப் பாறையில் யாராலும் நிற்க முடியாது. படி இறங்கும் இடத்திலேயே பத்து நிமிடம் நின்று அலை எதுவரை வருகிறது என்று பாருங்கள். பாறை நனைந்திருக்கும் கோட்டுக்குக் கடல் பக்கம் கால் வைக்காதீர்கள். உள்ளூர்க்காரர் வேண்டாம் என்றால் கோயிலில் உட்பிரகாரம் சுற்றிவிட்டு வந்துவிடுங்கள். பிரதட்சிணம் முடிக்காவிட்டால் தோஷம் ஒன்றுமில்லை.

ஹர்ணை

பாக்மண்ட்லாவில் ஃபெர்ரி ஏறி வேஸ்வி. மார்ச், ஏப்ரலில் போனால் பக்கத்து வேலாஸில் ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போவதைக் காலையும் மாலையும் பார்க்கலாம். முட்டை எத்தனை பொரிந்தது என்பதைப் பொறுத்தது. ஒரு நாள் ஒன்றுகூட இருக்காது, ஒரு நாள் நூறு இருக்கும். ஒரு இரவு தங்கினால் இரண்டு வாய்ப்பு.

கேள்ஷி, ஆஞ்சர்லே வழியாக ஹர்ணை. மாலையில் மீன் ஏலம், அது முடிவதற்குள் போய்விட வேண்டும். சுவர்ணதுர்க்குக்குத் துறையிலிருந்தே படகு. 1755-ல் ஆங்கிலேயக் கமோடோர் ஜேம்ஸ் பிடித்த கோட்டை. அங்கே இறங்குதுறை கிடையாது, முழங்கால் அளவு நீரில் இறங்கி நடக்க வேண்டும். வாசல் படியில் ஆமையும் கதவுப் பக்கம் அனுமனும் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே முள்புதர் மண்டியிருக்கிறது. முழுக்கால் பேன்ட் அவசியம். திரும்பி வரும் நேரத்தைப் படகுக்காரரிடம் சொல்லி, அவர் எண்ணை வாங்கிக்கொண்டு, மீதிப் பணத்தைக் கரையேறிய பிறகு கொடுங்கள்.

சிந்துதுர்க்கை இதோடு சேர்க்க வேண்டாம். மால்வண் இன்னும் வெகு தெற்கே. அதற்குக் கொங்கண் ரயிலில் குடாள் இறங்கித் தனியாக மூன்று நாள் ஒதுக்குங்கள். 1664-ல் தொடங்கி மூன்று வருடத்தில் கட்டிய 48 ஏக்கர் கோட்டையையும், கடலுக்கு நடுவே இனிக்கும் அதன் மூன்று கிணறுகளையும் அவசரமாகப் பார்த்தால் மனம் ஆறாது.

நான்கு நாள் திட்டம் என்றால் இப்படி வரும். காலண்டரில் பௌர்ணமி அல்லது அமாவாசை கடந்த திருதியை எந்த நாளில் விழுகிறது என்று பாருங்கள். அதை அலிபாக் நாளாக வையுங்கள்; முந்தைய மாலையே போய்த் தங்கினால் காலை எட்டரை மணி வற்றம் கிடைக்கும். மறுநாள் சதுர்த்தி, காலையில் ஜஞ்சிரா. பஞ்சமியன்று காலை பத்து மணியை ஒட்டி ஹரிஹரேஸ்வர். அதற்கு முந்தைய இரவு திவேஆகரில் தங்கி ஏழுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். அன்று மாலை ஹர்ணை ஏலம், சஷ்டி காலை சுவர்ணதுர்க். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு டாபோலி, கேட் வழியாக நெடுஞ்சாலை பிடியுங்கள். கார் இல்லாதவர்கள் கேட் ஸ்டேஷனில் ரயில் ஏறலாம். திரும்பும் நாள் ஞாயிறாக அமைந்தால் வட்கலை இருட்டுவதற்குள் தாண்டிவிடும்படி ஹர்ணையை விட்டுப் பன்னிரண்டுக்கே கிளம்பிவிடுங்கள்.